ஏ.ஏ. கூட்டத்தைக் கண்டுபிடித்துப் போய் உட்கார்வது எப்படி

முதல் கூட்டத்துக்கென்று கிளம்பிப் பாதியில் திரும்பியவர்களைக் கேட்டால், வெட்கத்துக்குச் சமமாக வழியையும் காரணமாகச் சொல்வார்கள். சொன்ன இடத்தில் போர்டு இல்லை. சர்ச் முன்கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் என்னவென்று கேட்பது எனத் தயங்கிப் பத்து நிமிடம் நின்றார்கள். திரும்பும் வழியில் டாஸ்மாக் திறந்திருந்தது. மனசு மாற அந்தப் பத்து நிமிடம் தாராளமாகப் போதும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. 1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குச்சந்தைக்காரர், மற்றவர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். இந்தியாவில் 1957-ல் பம்பாயில் ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, ஆள் சேர்க்க விளம்பரம் செய்வதில்லை என்று அதன் 12 மரபுகளே கட்டுப்படுத்துகின்றன. தேடுகிறவருக்குச் சிரமம் வருவதும் இதனால்தான். குழுக்கள் பெரும்பாலும் சர்ச் வளாகத்தின் பின்கட்டிலோ, பள்ளி வகுப்பறையிலோ, ஆஸ்பத்திரியின் ஒரு ஹாலிலோ குறைந்த வாடகைக்குக் கூடுகின்றன. பள்ளியில் பரீட்சை வந்தால் இடம் மாறும், சர்ச்சில் திருவிழா வந்தால் நேரம் மாறும். இணையத்தில் இருக்கும் பட்டியலில் அந்த மாற்றம் ஏற மாதக்கணக்கில் ஆகலாம்.

ஆகவே பட்டியலைப் பார்த்துவிட்டு நேராகக் கிளம்ப வேண்டாம், முதலில் போன் போடுங்கள். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் மாநிலவாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கின்றன. எடுப்பவர் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டர் அல்ல, குடியை விட்ட ஓர் உறுப்பினர். வேலை நேரத்தில் எடுக்காமல் போகலாம், மாலை ஆறு மணிக்கு மேல் மறுபடி முயலுங்கள். பேச்சை நீட்ட வேண்டியதில்லை. "வணக்கம் சார், ஏ.ஏ. மீட்டிங் வரணும், நான் தாம்பரம் பக்கம் இருக்கேன், இந்த வாரம் எங்க, எத்தனை மணிக்கு?" என்றால் போதும். பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

அந்த ஒரே அழைப்பில் ஐந்து விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி. எந்த வாசல் வழியாக, எந்த மாடி. கூட்டம் தமிழிலா ஆங்கிலத்திலா. யார் வேண்டுமானாலும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான மூடிய கூட்டமா. கடைசியாக, வாசலில் யாராவது நிற்க முடியுமா. ஐந்தாவதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். உண்மையில் அதைச் செய்வதற்கென்றே பழைய உறுப்பினர்கள் காத்திருக்கிறார்கள், சிலர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிப்போவார்கள். தெரியாத இடத்தில் கேட்க நேர்ந்தால் குடி என்ற சொல்லே தேவையில்லை. "ஏ.ஏ. மீட்டிங் எங்க நடக்குது?" என்றால் வாட்ச்மேனுக்குத் தெரியும். கூகுள் மேப் பெரும்பாலும் சர்ச்சின் முன்கேட்டில் கொண்டுபோய் விடும், கூட்டமோ பின்தெருக் கேட் வழியாக இருக்கும்.

போன் எடுக்கவில்லை என்றால் வேறு வழிகள் உண்டு. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய் அங்குள்ள ஆலோசகரையோ சமூகப் பணியாளரையோ கேளுங்கள். ஏ.ஏ. உறுப்பினர்கள் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பேசுவது பழைய வழக்கம் என்பதால் அவர்களிடம் உள்ளூர் எண் இருக்க நிறைய வாய்ப்புண்டு. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. சென்னையில் குடிநோய்ச் சிகிச்சைக்கென்று சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இந்திரா நகரில் இருக்கிறது. இப்படிப்பட்ட சிகிச்சை மையங்களின் தொடர்சிகிச்சைப் பிரிவில் விசாரித்தாலும் கூட்டங்களின் விவரம் கிடைக்கும்.

கூட்டத்துக்கு முன் டாக்டர்

இதைத் தாண்டிக் குதித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போவது ஆபத்து. காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர், சாமி மேல் சத்தியம் பண்ணிவிட்டு ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை பிதற்றல், இல்லாத பூச்சிகளும் மனிதர்களும் கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், இடம் நேரம் புரியாமை என்று வந்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலை, உடனே 108 கூப்பிட வேண்டும். "பேய் பிடிச்சிருக்கு" என்று கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் நேரத்தைக் கடத்தும் குடும்பங்கள் இன்னமும் உண்டு. முன்பு நிறுத்தியபோது ஒரு முறை வலிப்பு வந்திருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம், டாக்டரிடம் இதை மறைக்கவே கூடாது.

மருத்துவமனையில் நடுக்கத்தை அடக்க அளவாகக் கொடுத்துச் சில நாட்களில் குறைத்து நிறுத்தும் மாத்திரைகளும் தையமின் என்னும் பி1 வைட்டமினும் தருவார்கள். நீண்ட நாள் குடித்தவர் உடலில் தையமின் குறைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தெருமுனை கிளினிக்கில் "டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் போடுங்க" என்று கேட்பவர் குடியைப் பற்றி வாய் திறந்து சொல்லியாக வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடி என்னவென்று விற்பவர்தான் அறிவார். அதில் டைசல்பிரம் என்ற, மதுவோடு சேர்ந்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து இருந்தால், அது உள்ளே போனது தெரியாமல் குடிக்கிறவருக்கு முகம் சிவந்து, மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைகூட இந்த எதிர்வினை வரக்கூடும். டாக்டர் சொல்லி, நோயாளிக்குத் தெரிந்து, ரத்தப் பரிசோதனைகளோடு சாப்பிட்டால் அது மருந்து. தெரியாமல் கலந்தால் விஷம் வைப்பதற்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

மாத்திரை சாப்பிடுகிறவர் கூட்டத்துக்கு வரலாமா என்றால், தாராளமாக வரலாம். "மாத்திரையெல்லாம் தூக்கிப் போடு, மீட்டிங் போதும்" என்று சொல்லும் பழைய உறுப்பினர் எங்காவது ஒருவர் இருப்பார். கேட்காதீர்கள். எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.யின் சொந்த வெளியீடே சொல்கிறது.

உள்ளே என்ன நடக்கும்

நேரம் பெரும்பாலும் மாலை ஆறரை, ஏழு. ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். அந்தி நேரக் கூட்டத்தால் ஒரு லாபம், வேலை முடிந்து வரும்போது கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் நேரத்தை அது அடைத்துவிடுகிறது. கடை மதியம் 12 முதல் இரவு 10 வரை. கூட்டம் முடிந்து டீ குடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டால் ஒன்பதரை ஆகிவிடும்.

கால் மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், பசி குடிவேட்கையைக் கிளப்பும். இரண்டு இட்லியோ ஒரு பன்னோ சாப்பிட்டுவிட்டுப் போகலாம். உள்ளே ஒரு மேஜை, பின்னால் குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளும் அதன் 12 மரபுகளும் எழுதிய இரண்டு திரைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள். தலைமை வகிப்பவர் வாசிப்போடு தொடங்குவார். பிறகு ஒவ்வொருவராக வந்து "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிப் பேசுவார்கள், எல்லோரும் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார்கள். எப்படிக் குடித்தார், என்ன ஆயிற்று, இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான் பேச்சின் சாரம். குறுக்கே யாரும் கேள்வி கேட்பதில்லை, புத்தி சொல்வதில்லை. உங்களைக் கூப்பிட்டால் "இன்னிக்குக் கேக்க வந்தேன்" என்று சொல்லி உட்காரலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிநோயாளி என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும் என்பதும் இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி.

நடுவில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் பத்து, இருபது போடுவார்கள். வாடகை, டீ, புத்தகங்களுக்கு அது. புதியவர் போட வேண்டியதில்லை. முடிவில் எழுந்து நின்று சிறு பிரார்த்தனை சொல்வார்கள். சர்ச் வளாகம், பிரார்த்தனை இரண்டையும் பார்த்துவிட்டு மதம் மாற்றும் கூட்டமோ என்று சந்தேகப்படுபவர்கள் உண்டு. குழு அங்கே வாடகைக்கு இருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே விபூதி பூசியவரும் தொழுகைத் தொப்பி போட்டவரும் கறுப்புச் சட்டைக்காரரும் உட்கார்ந்திருக்கலாம். படிகளில் கடவுள் வருகிறார், "நாங்கள் புரிந்துகொண்டபடி" என்ற நிபந்தனையோடு. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொள்கிறார்கள். பிரார்த்தனையின்போது சும்மா நின்றாலும் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அன்று குடித்துவிட்டீர்கள், ஆனாலும் போகத் தோன்றுகிறது என்றால் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள், பேச வேண்டாம். வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முடிந்ததும் சட்டென்று கிளம்பிவிடக் கூடாது. என் கணிப்பில் பாதிப் பயன் கூட்டம் முடிந்தபின் டீ கிளாஸோடு வாசலில் நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. மூன்று பேரின் எண்ணையாவது வாங்குங்கள், வாங்கிய அன்றிரவே ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுங்கள். பழக்கமில்லாத எண்ணுக்கு, குடிவேட்கை வந்து உடம்பு பதறும் நேரத்தில், முதல் தடவையாகப் போன் போட எவருக்கும் கை வராது. சும்மா இருக்கும் நாட்களில் "சாப்டீங்களா அண்ணே" என்று பேசிப் பழகியிருந்தால்தான் ஆபத்து நேரத்தில் விரல் தானாகப் போகும்.

ஒரு கூட்டத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம். ஓரிடத்தில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் அதிகம், இன்னோர் இடத்தில் ஆட்டோ ஓட்டுநர்களும் கொத்தனார்களும் அதிகம். ஓரிடத்தில் ஒரே ஆள் அரை மணி நேரம் மைக்கை விடமாட்டார். மூன்று நான்கு குழுக்களுக்கு இரண்டிரண்டு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு, எங்கே உட்கார்ந்தால் உடம்பு தளர்கிறதோ அதைச் சொந்தக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பது ஏ.ஏ.யில் சொல்லும் வழக்கு. பெருநகரத்தில் கிழமைக்கொரு குழுவாக இதைச் சமாளிக்கலாம். சிறிய ஊரில் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும், மிச்சத்தை ஆன்லைன் கூட்டங்களால் நிரப்ப வேண்டும். ஜூமில் நுழையுமுன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள், பலருக்கு அலுவலகக் கணக்கின் முழுப்பெயரும் கம்பெனியும் அப்படியே தெரிகின்றன. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எண்ணும் குழந்தைகளோடு எடுத்த புரொபைல் படமும் அறிமுகமில்லாதவர்களுக்கும் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு எளிய வழி, முதல் சில வாரங்கள் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போவது. பழகியபின் வீட்டுக்கு அருகில் உள்ளதற்கு மாறிக்கொள்ளலாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கூட்டம் மழைக்காலத்தில் முதலில் கைவிடப்படும். ஊர், தெரு, சாதி விசாரிப்பவர் யாராவது இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அங்கே முன்பெயர் போதும்.

பெண்களுக்குக் கூடுதல் தடை ஒன்று இருக்கிறது. கூட்டத்துக்கு வரும் பெண்ணைக் குடிப்பவரின் மனைவி என்று நினைத்துக்கொண்டு "அல்-அனான் அடுத்த ரூம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். போனிலேயே "பிரச்சினை எனக்குத்தான், பெண் உறுப்பினர் ஒருத்தரோட பேசணும்" என்று சொல்லிவிட்டால் இது தவிரும். பெண்களுக்கு மட்டுமான ஆன்லைன் கூட்டங்களையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

அல்-அனான் என்பது குடிநோயாளியின் குடும்பத்தினருக்கானது, 1951-ல் தொடங்கியது. கணவர் கூட்டத்துக்கு வர மறுத்தாலும் மனைவியோ அம்மாவோ அங்கே தனியாகப் போகலாம். அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித்தர மாட்டார்கள். அவர் கடனை அடைப்பது, ஆபீசுக்குப் போன் போட்டு "காய்ச்சல்" என்று பொய் சொல்வது, பாட்டிலைத் தேடித் தேடிக் கொட்டுவது ஆகியவற்றிலிருந்து கையை எடுப்பது எப்படி என்பதுதான் அங்கே பேச்சு. அதற்குப் பதில், வேன் வைத்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய் அடைத்துப்போடும் மையங்களைத் தேடும் குடும்பங்கள், அந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும். 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது கட்டாயம். பார்க்க விடாத, போனில் பேச விடாத இடத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு: 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் நிறுவனம் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளை அலசியது. ஏ.ஏ.யில் சேர்த்துவிட்டு ஊக்குவிக்கும் முறையான சிகிச்சையில், ஓராண்டுக்குப் பின் முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். கூட்டம் மந்திரம் அல்ல என்பதையும் இதே எண்ணே சொல்கிறது.

எங்கே சறுக்குகிறார்கள்

கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடாதவர், மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மாலையே குவார்ட்டர் வாங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நிறுத்த அவருக்குத் தெரியும். நிறுத்திய இடத்தில் நிற்கத்தான் வழி தெரியாது. கெடு வைத்த விரதத்தில் முடியும் தேதியை மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். ஏ.ஏ.யில் கெடு இல்லை, "இன்னிக்கு மட்டும் குடிக்க மாட்டேன்" என்பதுதான் கணக்கு, நாளைக்கு மறுபடியும் இன்றைக்கு மட்டும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் முன்கூட்டியே தெரிந்தவை. சம்பள நாள், சாவு வீடு, கல்யாணத்துக்கு முந்தைய இரவு, தீபாவளி, கருப்பசாமிக்குக் கிடா வெட்டிச் சாராயம் படைக்கும் நாள். படையலில் வைத்ததைப் பிரசாதமாக நீட்டும்போது மறுக்க நாக்கு எழாது. அதனால் அந்த நாட்களுக்கு முன்தினமும் மறுதினமும் கூட்டம் என்று முன்பே குறித்துவைப்பதும், விசேஷ வீட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சீக்கிரம் கிளம்புவதும், திரும்ப ஒரு வண்டியைக் கையில் வைத்துக்கொள்வதும் பழைய உறுப்பினர்கள் எல்லோரும் செய்வது. "அல்சர், டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்ற ஒரு வரி பந்தியில் போதும். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் இன்னொரு கண்ணி. உடம்பு தேறிவிடும், "இப்ப ஒரு பீர்தானே" என்று தோன்றும். கூட்டத்தை மெல்லக் குறைத்தவர்களிடம்தான் இந்த எண்ணம் பெரும்பாலும் ஜெயிக்கிறது. இருமல் டானிக், அரிஷ்டம் வாங்கும்போதும் பாட்டிலின் மேல் ஆல்கஹால் அளவைப் படியுங்கள்.

குழுவுக்குள்ளும் கண்ணிகள் உண்டு. கைமாற்று கேட்பவர், சீட்டுப் பிடிப்பவர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று ஒருவர் வந்துசேரலாம். பணம் கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்க முடியாமல் இருவருமே கூட்டத்துக்கு வராமல் போவதுதான் இதன் முடிவு. ஸ்பான்சர் என்றால் பணம் கொடுப்பவர் அல்ல, படிகளில் கூடவே வந்து வழிகாட்டும் பழைய உறுப்பினர். அவரை எடுக்கும்போது, ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று எடுங்கள். குறைந்தது ஓராண்டாவது குடிக்காமல் இருப்பவராக, தனக்கும் ஒரு ஸ்பான்சர் வைத்திருப்பவராக இருக்கட்டும். நன்றாகப் பேசுகிறவரைவிடப் போனை எடுக்கிறவர் மேல். நான்காவது படியில் தன்னைப் பற்றிய கணக்கை எழுதி, ஐந்தாவதில் அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒருவர் வாய்ச்சவடால்காரராக இருந்தால் விஷயம் தெருவுக்கு வந்துவிடும். அந்த நோட்டை வீட்டில் மற்றவர் கையில் கிடைக்கும்படி வைக்காதீர்கள்.

மறுபடி குடித்துவிட்டால், அடுத்த கூட்டத்துக்கே போக வேண்டும், "சரியானதுக்கப்புறம் போவோம்" என்று தள்ளக் கூடாது. தள்ளிய ஒரு வாரம் ஒரு வருடமாகும். நாள்கணக்கு முதலிலிருந்து தொடங்கும், கற்றுக்கொண்டது எங்கும் போகாது. பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்த வேண்டும்.

பக்கத்தில் குழுவே இல்லாத ஊர்க்காரர்கள் ஒன்று ஆரம்பிக்கலாம். குடியை விட விரும்பும் இரண்டு பேர் சேர்ந்தாலே அது குழு. அருகில் உள்ள பழைய குழுவைத் தொடர்புகொண்டால் தமிழ் வாசிப்புகளும் துண்டுப் பிரசுரங்களும் தருவார்கள், முதல் சில வாரங்கள் ஆளும் அனுப்புவார்கள். இலவசமாகக் கிடைக்கும் அறையாக இருந்தாலும் மாதம் நூறு ரூபாயாவது வாடகை என்று கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால், இடத்துக்காரர் நாளைக்கு "எங்க ஆளு ஒருத்தர் வந்து பேசுவார்" என்று சொன்னால் மறுக்க வாய் இருக்காது. செயலாளர், பொருளாளர் பொறுப்புகளை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்றுங்கள், சாவி ஒரே ஆளிடம் மட்டும் இருக்க வேண்டாம். கிழமையையும் நேரத்தையும் மாற்றாதீர்கள். உள்ளூர் அரசு டாக்டரிடமும், மருந்துக் கடைக்காரரிடமும், போலீஸ் ஸ்டேஷன் எழுத்தரிடமும் ஒரு சிறு சீட்டில் கிழமை, நேரம், போன் எண் எழுதிக் கொடுத்துவைத்தால், புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் அந்த மூன்று இடங்களிலிருந்துதான் வருவார்கள்.